அமெரிக்கப் பள்ளி மாவட்டத்தில் கொள்முதல் வேலை: கோரிக்கை வருவது முதல் பெட்டி வகுப்பறை சேரும் வரை, முழுமையான வழிகாட்டி

ஒரு பேலட் (சரக்கு அடுக்கும் தட்டு) காகிதம் என்றால் 40 பெட்டி. பெட்டிக்கு 10 கட்டு, கட்டுக்கு 500 தாள். ஆக இரண்டு லட்சம் தாள், எடை 900 கிலோவைத் தொடும். நான் இந்த வேலையில் சேர்ந்த முதல் ஆகஸ்டில் அப்படி ஒரு பேலட் ஒரு தொடக்கப்பள்ளி வாசலில், நடைபாதை ஓரமாக நின்றது. லாரி ஓட்டுநர் இறக்கிவைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் செய்தது சரிதான். "பள்ளிக்கு உள்ளே கொண்டுபோய் வைக்க வேண்டும்" என்ற ஒரு வரியை நான் பி.ஓ.வில் (பர்ச்சேஸ் ஆர்டர், அதாவது கொள்முதல் ஆணை) எழுதவில்லை. அன்று மதியம் பள்ளியின் கஸ்டோடியனும் (துப்புரவும் பராமரிப்பும் பார்ப்பவர்) அலுவலகத்தில் இருந்த பெண்ணும் ஒரு கைவண்டியில் நாற்பது பெட்டிகளையும் உள்ளே தள்ளினார்கள். ஆர்டர் போடும் முன் அந்தப் பள்ளிக்கு ஒரு போன் செய்து, "உங்களிடம் சரக்கு இறக்கும் மேடை இருக்கிறதா?" என்று கேட்டிருந்தால் போதும்.

பொதுப்பணத்தில் பொருள் வாங்குவதற்குச் சட்டங்கள் ஏராளம். அவற்றைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் இந்த வேலையில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை, சரியான நேரத்தில் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியிலிருந்து தொடங்குபவை. அதனால் இந்த வழிகாட்டியில் ஒவ்வொரு படியிலும் என்ன விதி என்பதோடு, யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். நான் இந்த வேலையைப் பார்ப்பது கலிபோர்னியாவில். மற்ற மாநிலங்களில் தொகை வரம்புகளும் சட்டப் பிரிவுகளும் மாறும். வேலையின் ஓட்டம் பெரிதாக மாறாது.

முதலில், பள்ளி மாவட்டம் என்றால் என்ன

நம் ஊர் மாவட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் குழப்பம் வரும். இங்கே பள்ளி மாவட்டம் என்பது தனி அரசு அமைப்பு. அதற்கென மக்கள் தேர்ந்தெடுத்த போர்டு, தனி பட்ஜெட், தனி ஊழியர்கள் உண்டு. கலிபோர்னியாவில் மட்டும் இப்படி 900-க்கும் மேற்பட்ட மாவட்டங்கள். சிலவற்றில் ஒரே ஒரு பள்ளி; லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்திலோ நூற்றுக்கணக்கான பள்ளிகள்.

சிறிய மாவட்டத்தில் பையர், அதாவது கொள்முதல் செய்பவர், ஒருவரே பென்சில் முதல் பேருந்து வரை எல்லாம் வாங்குவார். பெரிய மாவட்டத்தில் ஒருவருக்குக் கணினி, ஒருவருக்கு உணவு, ஒருவருக்குப் பராமரிப்புப் பொருள் என்று பிரித்துக் கொடுப்பார்கள். வேலை கற்றுக்கொள்ள நடுத்தர மாவட்டம்தான் நல்லது என்பது என் கருத்து. எல்லா வகையும் கைக்கு வரும், சந்தேகம் கேட்கவும் பக்கத்து மேசையில் ஆள் இருப்பார்.

வேலையில் சேர்வது எப்படி

கலிபோர்னியாவில் பள்ளி வேலைகள் பெரும்பாலும் எட்ஜாயின் தளத்தில் வரும். 'பையர்', 'பர்ச்சேசிங் டெக்னீஷியன்', 'கான்ட்ராக்ட் அனலிஸ்ட்' என மூன்று பெயர்களையும் போட்டுத் தேடுங்கள். ஒரே வேலைக்கு ஒவ்வொரு மாவட்டமும் ஒரு பெயர் வைத்திருக்கிறது.

இது ஆசிரியர் அல்லாத ஊழியர் வகை. இங்கே 'கிளாசிஃபைட்' என்பார்கள். சில மாவட்டங்களில் 'மெரிட் சிஸ்டம்' நடைமுறை உண்டு. அங்கே எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு எல்லாம் முடித்து, தகுதிப் பட்டியலில் முதல் மூன்று நிலைகளுக்குள் வந்தால்தான் நேர்காணலுக்கு அழைப்பார்கள். தேர்வில் சதவீதக் கணக்கு, தள்ளுபடி, வரி, மின்னஞ்சல் எழுதுவது போன்றவை வரும். பட்டியல் வெளியாக மாதங்கள் ஆகலாம். பொறுமையாக இருங்கள், ஒரே நேரத்தில் பல மாவட்டங்களுக்கு விண்ணப்பியுங்கள்.

ஊரில் வாங்கிய பட்டத்தை இங்குள்ள மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் கொடுத்து மதிப்பீடு வாங்கிவைத்துக்கொள்வது நல்லது. நேரடியாகப் பையர் வேலை கிடைக்காவிட்டால் பில் பட்டுவாடா செய்யும் கணக்குப் பிரிவு, கிடங்கு, பள்ளி அலுவலகம் ஆகியவை நல்ல வாசல்கள். கணக்குப் பிரிவிலிருந்து வருபவர்களைத்தான் நான் பெரிதும் மதிக்கிறேன். ஒரு பில் ஏன் நின்றுபோகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

வேலை உறுதியானதும் கைரேகைப் பதிவும் காசநோய் பரிசோதனையும் உண்டு. ஓய்வூதியம் கால்பர்ஸ் என்ற மாநில ஓய்வூதிய அமைப்பின் வழியாக வரும். 2013 ஜனவரி 1-க்குப் பிறகு புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, 62 வயதில் ஓய்வு பெற்றால் பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 2 சதவீதம் என்று கணக்கு. ஐந்து ஆண்டு சேவை இருந்தால் உரிமை உறுதியாகும். தனியார் துறைச் சம்பளத்தோடு ஒப்பிடும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள்.

படி 1: ரெக்விசிஷனைப் படிப்பது

பள்ளியில் ஒருவர் ஒரு பொருள் வேண்டும் என்று கணினியில் பதிவார். அதுதான் ரெக்விசிஷன். தலைமையாசிரியரும் பட்ஜெட் பிரிவும் ஒப்புதல் தந்த பிறகு நம் திரைக்கு வரும். புதிதாக வருபவர்கள் பொருளின் பெயரையும் விலையையும் மட்டும் பார்ப்பார்கள். கணக்கு எண்ணைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

கலிபோர்னியாவில் எல்லா மாவட்டங்களுக்கும் பொதுவான ஒரு கணக்கு எண் முறை இருக்கிறது. அதை 'சாக்ஸ்' என்பார்கள். அந்த நீண்ட எண்ணில் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலில் நிதி: 01 என்றால் பொது நிதி, 13 என்றால் உணவுக்கூட நிதி. அடுத்தது பணம் வந்த வழி: 0000 என்றால் கட்டுப்பாடில்லாத பணம், 3010 என்றால் ஏழைக் குழந்தைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்கான ஒன்றிய அரசின் டைட்டில் ஒன் பணம், 6500 என்றால் சிறப்புக் கல்வி, 5310 என்றால் பள்ளி உணவு. மூன்றாவது செலவு வகை: 4100 பாடநூல், 4300 பொருள்கள், 4400 சிறிய உபகரணம், 4700 உணவு, 5800 சேவையும் ஆலோசனையும், 6400 பெரிய உபகரணம்.

ஏன் இது முக்கியம்? ஒரு ரெக்விசிஷனில் 3010 இருந்தால் மாநில விதியோடு ஒன்றிய அரசின் கொள்முதல் விதிகளும் ஒட்டிக்கொள்ளும். இரண்டும் வேறுபட்டால் எது கடுமையானதோ அதைப் பின்பற்ற வேண்டும். விற்பவர் அரசு வேலைகளிலிருந்து தடை செய்யப்பட்டவரா என்று ஒன்றிய அரசின் சாம் தளத்தில் பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து கோப்பில் வைக்க வேண்டும். தணிக்கையாளர் முதலில் கேட்கும் தாள்களில் இதுவும் ஒன்று.

எண்ணைப் படித்த பிறகு போனை எடுங்கள். ஓர் எடுத்துக்காட்டு: "36 நாற்காலி, நீலம்" என்று ஒரு ரெக்விசிஷன் வருகிறது. நான் கேட்பவை இவை. எந்த வகுப்பு? மழலையர் வகுப்பு நாற்காலியும் ஆறாம் வகுப்பு நாற்காலியும் இருக்கை உயரத்தில் நிறைய வேறுபடும். இப்போதிருக்கும் மேசையின் உயரம் என்ன? தரை ஓடா, கம்பளமா? அதற்கேற்ப நாற்காலிக் காலின் அடிப்பாகம் மாறும். பொருத்தித் தர வேண்டுமா, பொருத்தியே வருமா? எந்தத் தேதிக்குள் வேண்டும்? பழைய நாற்காலிகளை யார் எடுத்துப் போவது? சரியாக ஐந்து நிமிடம். இந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடாமல் வந்திறங்கிய நாற்காலிகளைத் திருப்பி அனுப்ப ஆறு வாரமும், விற்பவர் பிடித்துக்கொள்ளும் கட்டணமும் ஆகும். அதுவரை குழந்தைகள் காலை ஊன்ற முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

படி 2: எந்த வழியில் வாங்குவது என்று முடிவு செய்வது

கலிபோர்னியப் பொது ஒப்பந்தச் சட்டத்தின் 20111-ஆம் பிரிவு ஒரு வரம்பை வைக்கிறது. பொருள், உபகரணம், பராமரிப்பு போன்ற சேவை ஆகியவற்றின் மதிப்பு அந்த வரம்பைத் தாண்டினால் முறையான டெண்டர் விட வேண்டும். விலைவாசிக்கு ஏற்ப ஒவ்வோர் ஆண்டும் அது மாறும். 2024-இல் 114,500 டாலர், 2025-இல் 114,800 டாலர். ஜனவரியில் புதிய தொகை வந்ததும் மேசைக்கு எதிரே எழுதி ஒட்டிவிடுங்கள்.

வரம்புக்குக் கீழே என்ன செய்வது என்பதை மாவட்டத்தின் கொள்கைதான் சொல்லும். சிறு தொகைக்கு ஒரு விலைப்புள்ளி, அதற்கு மேல் மூன்று விலைப்புள்ளி என்பது பரவலான வழக்கம்.

இங்கே எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. மூன்று பள்ளிகள் தனித்தனியாக குரோம்புக் (கூகுள் மென்பொருளில் இயங்கும் மடிக்கணினி) கேட்கின்றன: 140, 130, 130. ஒன்று 300 டாலர் என்று வையுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் 42,000, 39,000, 39,000. எதுவும் வரம்பைத் தொடவில்லை. கூட்டினால் 400 கணினி, 120,000 டாலர். வரம்பைத் தாண்டிவிட்டது. டெண்டரைத் தவிர்க்க வேலையைத் துண்டு போடுவது அதே சட்டத்தின் 20116-ஆம் பிரிவின்படி தவறு. பள்ளிகள் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல்தான் கேட்டிருக்கும்; ஒன்றுக்கொன்று தெரிந்திருக்காது. மூன்றையும் ஒருசேரப் பார்க்கும் ஒரே ஆள் நீங்கள்தான். அதனால் ஆண்டுத் தொடக்கத்திலேயே கணினிப் பிரிவைக் கேட்டு, இந்த ஆண்டு மொத்தம் எத்தனை வாங்கப் போகிறார்கள் என்று ஒரு பட்டியல் வாங்கிக்கொள்ளுங்கள். மொத்தமாக வாங்கினால் விலையும் இறங்கும்.

விதிவிலக்குகளும் உண்டு. துணைப் பாடநூல், நூலகப் புத்தகம், பயிற்சிநூல், தேர்வுத்தாள், கற்பித்தல் மென்பொருள், பருவ இதழ் ஆகியவற்றை எந்தத் தொகைக்கும் டெண்டர் இல்லாமல் வாங்க 20118.3-ஆம் பிரிவு இடம் தருகிறது. தொழில்முறை ஆலோசனைச் சேவைக்கும் காப்பீட்டுக்கும் 20111 பொருந்தாது. கூரை இடிந்தது, கொதிகலன் வெடித்தது போன்ற அவசரங்களில் போர்டு உறுப்பினர்கள் ஒருமனதாக வாக்களித்து, கவுன்ட்டி கல்விக் கண்காணிப்பாளரும் ஒப்புக்கொண்டால் டெண்டர் இல்லாமல் சரிசெய்யலாம். நாம் மறந்துபோனதால் வந்த அவசரம் இதில் சேராது.

கட்டுமானம் வேறு உலகம். அங்கே வரம்பு 15,000 டாலர்தான். மாநிலத்தின் சீரான கட்டுமானச் செலவுக் கணக்கு முறையை ஏற்றுக்கொண்ட மாவட்டங்களுக்கு மட்டும் 2025 முதல் 75,000 டாலர் வரை நேரடியாகவும், 220,000 டாலர் வரை எளிய டெண்டரிலும் கொடுக்க இடமுண்டு. பையரைச் சிக்கவைப்பது பெரிய கட்டடம் அல்ல, 'பொருத்தித் தருவது' என்ற சொல். அலுவலகத் தடுப்பு மேசைகளைப் பிரித்து மாட்டுவதைக்கூடச் சட்டம் பொதுப்பணியாக எண்ணுகிறது. 1,000 டாலரைத் தாண்டிய பொதுப்பணிக்கு மாநிலம் நிர்ணயித்த கூலி தர வேண்டும். எனவே விலைப்புள்ளியில் 'இன்ஸ்டலேஷன்' என்று ஒரு வரி கண்ணில் பட்டால் உடனே நிறுத்தி, கட்டடங்களைக் கவனிக்கும் வசதிகள் பிரிவைக் கூப்பிடுங்கள்.

படி 3: விலைப்புள்ளி வாங்குவது

மூன்று பேரிடம் விலை கேட்டால் மூன்று பேருக்கும் ஒரே விவரம் போக வேண்டும். ஒருவருக்கு போனில், ஒருவருக்கு மின்னஞ்சலில் என்று வேண்டாம். ஒரே மின்னஞ்சல், ஒரே கடைசி நேரம்.

வந்த விலையை அப்படியே ஒப்பிடக் கூடாது. அனுப்பும் செலவு சேர்ந்ததா? வரி? கலிபோர்னியாவில் பள்ளி மாவட்டத்துக்கு விற்பனை வரி விலக்கு கிடையாது. இது வேறு மாநிலத்திலிருந்து வருபவர்களை ஆச்சரியப்படுத்தும். அடிப்படை 7.25 சதவீதம், ஊருக்கு ஊர் அதற்கு மேல். வெளிமாநில நிறுவனம் வரி போடாமல் விலை அனுப்பினால் மலிவாகத் தெரியும். அந்த வரியை மாவட்டமே பிறகு மாநிலத்துக்குக் கட்ட வேண்டியிருக்கும். திரையுள்ள சாதனங்களுக்கு மின்கழிவுக் கட்டணமும் உண்டு.

குரோம்புக் வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். கூகுள் ஒவ்வொரு மாடலுக்கும் தானியங்கிப் புதுப்பிப்பு முடியும் தேதியை வெளியிடுகிறது. 2023-இல் அதைப் பத்து ஆண்டாக நீட்டித்தார்கள். ஆனால் அந்தப் பத்து ஆண்டு, நாம் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. அந்த வன்பொருள் வெளியான நாளிலிருந்து எண்ணப்படுகிறது. நாலு வருடம் பழைய மாடலைத் தள்ளுபடியில் 30 டாலர் குறைத்துத் தந்தால், நாம் நாலு வருடத்தை இழந்துவிட்டு 30 டாலரைச் சேமிக்கிறோம். தேதியை விலைப்புள்ளியிலேயே எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கணினிகளை மாவட்டமே மையமாக நிர்வகிப்பதற்கான உரிமம் விலையில் அடங்கியதா என்றும் கேளுங்கள்.

மாணவர் விவரங்களைத் தொடும் மென்பொருள் என்றால் விலைக்கு முன்பே தனியுரிமை ஒப்பந்தம் வேண்டும். 2014-இல் வந்த சட்டப்படி, அந்த விவரங்கள் மாவட்டத்துக்கே சொந்தம், விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, ஒப்பந்தம் முடிந்ததும் அழிக்க வேண்டும் என்பது போன்ற விதிகள் ஒப்பந்தத்தில் இருந்தே ஆக வேண்டும். ஆசிரியர் ஒருவர் ஏற்கெனவே இலவசமாகப் பதிவு செய்து பயன்படுத்திக்கொண்டிருப்பார். கடிந்துகொள்ளாமல் பேசுங்கள். பிள்ளைகளுக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்திருப்பார்.

படி 4: டெண்டர் விடுவது

இங்கே டெண்டரை 'பிட்' என்பார்கள். விலை மட்டுமின்றித் தரம், திட்டம் எல்லாம் பார்த்துத் தேர்ந்தெடுப்பது 'ஆர்.எஃப்.பி.'. கணினி, தொலைத்தொடர்பு போன்ற தொழில்நுட்பப் பொருள்களுக்கு ஆர்.எஃப்.பி. வழி போக 20118.2-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. மேசை, காகிதம், சுத்தப்படுத்தும் பொருள் போன்றவற்றுக்கு பிட். தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை சொன்னவருக்கே போகும்.

முழு வேலையும் விவரக்குறிப்பு எழுதுவதில்தான் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் கையேட்டை அப்படியே நகலெடுத்தால் மற்றவர்கள் போட்டியிட முடியாது. "உறுதியான மேசை" என்று எழுதினால் யார் வேண்டுமானாலும் எதையும் தருவார்கள். பொருள் என்ன வேலை செய்ய வேண்டும், எவ்வளவு எடை தாங்க வேண்டும், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று அளக்கக்கூடிய சொற்களில் எழுதுங்கள். கட்டுமானப் பணிகளில் நிறுவனப் பெயரைக் குறிப்பிட்டால் "அல்லது அதற்கு இணையானது" என்று சேர்க்கச் சட்டமே சொல்கிறது. பொருள் டெண்டரிலும் அதைப் பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். எழுதிய பிறகு, அந்தப் பொருளை நாள்தோறும் கையாளும் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். தரை மெருகிடும் இயந்திரம் பற்றி ஒரு கஸ்டோடியனுக்குத் தெரிந்தது எனக்கு எப்போதும் தெரியப்போவதில்லை. மின்கம்பியின் நீளத்தை நான் விட்டிருந்தேன். அதைக் கண்டுபிடித்தவர் அவர்தான்.

அறிவிப்பு, வாரம் ஒரு முறை என இரண்டு வாரம் செய்தித்தாளில் வர வேண்டும். விற்பவர்களின் கேள்விகளை எழுத்தில் மட்டும் வாங்குங்கள். பதிலை எல்லோருக்கும் ஒன்றாக அனுப்புங்கள்.

திறக்கும் நாளைச் சொல்கிறேன். மதியம் 2:00 மணி என்று அறிவித்திருந்தோம். மேசை மேல் நான்கு உறைகள், ஒவ்வொன்றிலும் வந்த நேரம் முத்திரையிட்டிருந்தது. சுவர்க் கடிகாரம் இரண்டைத் தொட்டதும் "ஏற்பது முடிந்தது" என்று உரக்கச் சொன்னேன். நான் முதல் உறையைக் கிழிக்கும்போது ஒருவர் மூச்சிரைக்க உள்ளே வந்தார், கையில் உறை. 2:03. பார்க்கிங் கிடைக்கவில்லை என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை, ஆனாலும் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தேன். நேரம் தாண்டி வந்ததைத் திறக்காமல் திருப்ப வேண்டும் என்பது சட்டம். அவர் விலை எல்லோரையும் விடக் குறைவாகக்கூட இருந்திருக்கலாம். மூன்று நிமிடம் அவருக்கு விட்டுக்கொடுத்தால் நேரத்துக்கு வந்த நான்கு பேருக்கு நான் என்ன பதில் சொல்வது?

அப்புறம் மதிப்பீடு. இரண்டு கேள்விகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கேட்ட தாள், கையொப்பம், மாதிரி எல்லாவற்றையும் தந்தாரா என்பது ஒன்று. வேலையைச் செய்து முடிக்கும் திறனும் நாணயமும் அவருக்கு உண்டா என்பது இன்னொன்று. முதலாவது குறைந்தால் தாளைக் காட்டி விலக்கலாம். இரண்டாவதைச் சொல்லி ஒருவரை விலக்குவது அவர் பெயரைத் தொடும் விஷயம். அவர் தரப்பைக் கேட்டு, சட்ட ஆலோசகரோடு பேசிய பிறகே அந்த முடிவுக்குப் போக வேண்டும்.

படி 5: பிறர் விட்ட டெண்டரைப் பயன்படுத்துவது

ஒவ்வொரு முறையும் தனியாக டெண்டர் விடத் தேவையில்லை. வேறொரு பொது அமைப்பு முறைப்படி செய்த ஒப்பந்தத்தின் விலையிலேயே நாமும் வாங்க 20118-ஆம் பிரிவு வழி விடுகிறது. இதைப் 'பிக்கிபேக்' என்பார்கள். மாநிலத்தின் சிமாஸ், பல மாநிலங்கள் சேர்ந்த நாஸ்போ, மினசோட்டாவிலிருந்து இயங்கும் சோர்ஸ்வெல் ஆகிய கூட்டுக் கொள்முதல் ஏற்பாடுகளின் பெயர்கள் அடிக்கடி காதில் விழும்.

நேரம் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் ஒப்பந்த எண்ணை மட்டும் பி.ஓ.வில் எழுதிவிட்டு நகர்வது போதாது. மூல டெண்டர் அறிவிப்பு, வழங்கிய ஆணை, முடியும் தேதி, மற்ற அமைப்புகளும் பயன்படுத்தலாம் என்ற வரி, விலைப்பட்டியல் ஆகிய ஐந்தும் கோப்பில் இருக்க வேண்டும். நமக்கு வந்த விலை அந்தப் பட்டியலோடு பொருந்துகிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். பட்டியலில் இல்லாத ஒன்றை நடுவே செருகியிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

படி 6: போர்டு

போர்டு ஏற்காத ஒப்பந்தம் மாவட்டத்தைக் கட்டுப்படுத்தாது. இது கல்விச் சட்டத்தின் 17604-ஆம் பிரிவு. தலைமையாசிரியர் கையெழுத்திட்ட சுற்றுலாப் பேருந்து ஒப்பந்தமும் இதில் அடங்கும். கையெழுத்திடும் அதிகாரம் யாருக்கு, எந்தத் தொகை வரை என்பதைப் போர்டு தீர்மானமாகவே போட்டிருக்கும். அதன் நகல் உங்களிடம் இருக்கட்டும். அதிகாரம் பெற்றவர் போட்ட பி.ஓ.க்கள் 60 நாளுக்குள் போர்டின் முன் வைக்கப்பட வேண்டும்.

வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சிநிரல் 72 மணி நேரத்துக்கு முன் பொதுவில் ஒட்டப்பட வேண்டும். உள்ளே பல மேசைகள் கடந்து அங்கே போய்ச்சேர இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆகவே "அடுத்த வாரம் வேண்டும்" என்று வரும் பெரிய ஒப்பந்தத்துக்குத் தேதிகளை எண்ணிக் காட்டி, எப்போது முடியும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆசிரியர்கள் காத்திருக்கத் தயங்குவதில்லை. பதில் தெரியாமல் இருப்பதுதான் அவர்களுக்குச் சிரமம்.

கால அளவும் கவனிக்க வேண்டியது: சேவை ஒப்பந்தம் ஐந்து ஆண்டு வரை, பொருள் ஒப்பந்தம் மூன்று ஆண்டு வரைதான் தொடரலாம். மாணவர்களோடு பழகும் ஒப்பந்தப் பணியாளர்களுக்குக் கைரேகைச் சோதனை முடிந்ததா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே கேட்டுவிடுங்கள்.

படி 7: பி.ஓ. எழுதுவதும் பொருள் வந்து சேர்வதும்

பி.ஓ. என்பது சட்டப்படி ஒப்பந்தம். அது போன அன்றே அந்தத் தொகை பட்ஜெட்டில் ஒதுக்கி வைக்கப்படும். விலைப்புள்ளி எண், தேதி, மாடல் எண், வரி, அனுப்பும் செலவு, வந்து சேர வேண்டிய தேதி, முகவரி, பெறுபவர் பெயர், பள்ளி திறந்திருக்கும் நேரம், மேடை இல்லாத இடம் என்றால் லிஃப்ட் பொருத்திய லாரி, உள்ளே கொண்டுவந்து வைப்பது. இவற்றை ஒரு சிறு அச்சுத்தாளாக வைத்து ஒவ்வொரு முறையும் சரிபார்க்கிறேன்.

பள்ளிகளில் பொருள் பெறுபவர்களுக்கு ஒரே ஒரு பாடம் சொல்லிக்கொடுங்கள். பெட்டி நசுங்கியிருந்தால், கையெழுத்திடும் முன் ஓட்டுநரின் ரசீதிலேயே "மூன்று பெட்டி நசுங்கியுள்ளது" என்று எழுத வேண்டும், போனில் படமும் எடுக்க வேண்டும். சுத்தமாகக் கையெழுத்துப் போட்ட பிறகு இழப்பீடு வாங்குவது பெரும்பாடு.

பணம் போக, பி.ஓ., வந்ததற்கான பதிவு, பில் மூன்றும் பொருந்த வேண்டும். சிறு விற்பனையாளர் ஒருவர் இரண்டு மாதமாகப் பணம் வரவில்லை என்று கூப்பிட்டால், பெரும்பாலும் பள்ளியில் யாரோ 'வந்தது' என்று பதியாமல் விட்டிருப்பார்கள். அந்த அழைப்பைத் தட்டிக்கழிக்காதீர்கள். அவருக்கு அது ஊழியர் சம்பளப் பணமாக இருக்கும்.

முதலில் வாங்கிவிட்டுப் பிறகு பி.ஓ. கேட்டு வருவது எல்லா மாவட்டத்திலும் நடக்கும். எழுத்தில் விளக்கம் வாங்கி, மேலதிகாரி முடிவுக்கு விடுங்கள். பின்தேதி போடச் சொன்னால் யார் சொன்னாலும் போடாதீர்கள்.

உணவும் இணையமும்

2022–23 கல்வியாண்டு முதல் கலிபோர்னியாவில் எல்லா மாணவர்களுக்கும் காலை, மதிய உணவு இலவசம். இதில் ஒன்றிய அரசின் பணம் இருப்பதால் அதன் விதிகளே முன்னிற்கும். மதிப்பீட்டில் விலைக்கு எல்லாவற்றையும் விட அதிக எடை, ஆனால் விலை மட்டுமே அளவுகோல் அல்ல. உணவு அமெரிக்க விளைபொருளாக இருக்க வேண்டும். பதப்படுத்தியது என்றால் 51 சதவீதத்துக்கு மேல் உள்நாட்டு விளைச்சல். வாழைப்பழம் போல இங்கே போதிய அளவு விளையாதவற்றுக்கு விலக்கு உண்டு. பொதுவாக, விலக்குக்கான காரணத்தைக் கோப்பில் எழுதி வைக்க வேண்டும்.

ஒன்றிய அரசின் இ-ரேட் திட்டத்தில் இணைய இணைப்புக்கு 20 முதல் 90 சதவீதம் வரையும், வைஃபை கருவிகளுக்கு 85 சதவீதம் வரையும் தள்ளுபடி கிடைக்கும். என்ன வேண்டும் என்று விற்பவர்களுக்கு அறிவிக்கும் படிவம் 470-ஐ வெளியிட்டு குறைந்தது 28 நாள் காத்திருந்த பிறகே யாரையும் தேர்ந்தெடுக்கலாம். 27-ஆம் நாள் கையெழுத்திட்டால் மொத்தத் தள்ளுபடியும் போய்விடக்கூடும். தாள்களைப் பத்து ஆண்டு காக்க வேண்டும். நாட்காட்டியில் நாளை எண்ணும் வேலையை இருவர் தனித்தனியாகச் செய்யுங்கள்.

பரிசும் நட்பும்

விற்பவர்கள் நல்லவர்கள், பலர் வருடக்கணக்கில் நண்பர்கள் போல ஆகிவிடுவார்கள். அதனால்தான் இந்தப் பகுதி கடினம். பையர்கள் பொதுவாக ஆண்டுதோறும் படிவம் 700-இல் தங்கள் நிதித் தொடர்புகளைத் தெரிவிக்க வேண்டும். ஒரே இடத்திலிருந்து ஆண்டில் 50 டாலர் அல்லது அதற்கு மேல் பரிசு வந்தால் அதில் எழுத வேண்டும். 2025, 2026-க்கு உச்ச வரம்பு 630 டாலர். இ-ரேட்டில் இன்னும் இறுக்கம்: ஒரு முறைக்கு 20 டாலர், ஆண்டுக்கு 50. நமக்குப் பணத் தொடர்புள்ள ஒப்பந்தத்தில் நாம் பங்கெடுத்தால் அரசுச் சட்டத்தின் 1090-ஆம் பிரிவின்படி ஒப்பந்தமே செல்லாது. என் வழக்கம் எளிது: காபிகூட என் காசில்தான். தீபாவளிக்கு நான் இனிப்பு கொண்டுபோனால் அலுவலகத்துக்குள் மட்டும்.

லாஸ் ஏஞ்சலஸ் ஒருங்கிணைந்த பள்ளி மாவட்டத்தில் நடந்ததை ஒவ்வொரு பையரும் படிக்க வேண்டும். 2013 ஜூனில், எல்லா மாணவர்களுக்கும் ஐபேட் தரும் திட்டத்தின் முதல் கட்டமாக ஆப்பிளுடன் சுமார் 3 கோடி டாலர் ஒப்பந்தத்துக்குப் போர்டு ஒப்புதல் தந்தது. பாடத்திட்ட மென்பொருள் பியர்சன் நிறுவனத்துடையது. டெண்டருக்கு முன்பே மேலதிகாரிகளும் நிறுவனங்களும் பரிமாறிக்கொண்ட மின்னஞ்சல்கள் 2014 ஆகஸ்டில் செய்தியாளர்கள் வழியாக வெளிவந்தன. அதே மாதம் ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது. டிசம்பரில் எஃப்.பி.ஐ. ஆவணப் பெட்டிகளை எடுத்துச் சென்றது. கடைசியில் யார் மீதும் வழக்குப் பதிவாகவில்லை. ஆனாலும் திட்டம் நின்றுபோனது, கருவிகளுக்குக் காத்திருந்த பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. டெண்டருக்கு முன் சந்தையை அறிய விற்பவர்களோடு பேசலாம், பேசவும் வேண்டும். பலரோடு பேசுங்கள், ஒரே கேள்விகளைக் கேளுங்கள், குறிப்பெடுத்துக் கோப்பில் வையுங்கள். பொதுப் பதிவுகள் சட்டப்படி யார் கேட்டாலும் மாவட்டம் பத்து நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். உங்கள் மின்னஞ்சலும் அதில் வரும்.

ஓர் ஆண்டின் ஓட்டம்

நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்கும். அன்று காலை ஆண்டு முழுவதற்குமான திறந்த பி.ஓ.க்கள் போகும்: பால், ரொட்டி, குழாய்ப் பொருள், பேருந்து உதிரிபாகம். ஜூலையும் ஆகஸ்டும் நாற்காலியும் புத்தகமும் வந்து குவியும் காலம். விடுமுறை எடுக்க ஏற்ற மாதங்கள் அல்ல. அக்டோபரில் மூச்சு விடலாம். அடுத்த ஆண்டு டெண்டர்களின் விவரக்குறிப்பை அப்போதே எழுதத் தொடங்குங்கள். குளிர்காலம் முழுக்க இ-ரேட். மார்ச், ஏப்ரலில் கடைசித் தேதி அறிவிப்போம். அதற்குப் பிறகு பொது நிதியில் புது ரெக்விசிஷன் ஏற்பதில்லை. ஜனவரியிலேயே இந்தத் தேதியைப் பள்ளி அலுவலகங்களுக்கு நினைவூட்டுங்கள், இரண்டு முறை.

மே மாதம் பழைய பொருள்களைக் கழிக்க நல்ல நேரம். 500 டாலருக்கு மேல் மதிப்புள்ளவை சரக்குப் பதிவேட்டில் இருக்கும். அதிலிருந்து எடுக்காமல் வெளியே அனுப்பக் கூடாது. மொத்த மதிப்பு 2,500 டாலருக்குள் என்று போர்டு ஒருமனதாகச் சொன்னால் விளம்பரம் இல்லாமலே விற்கலாம். ஒன்றிய அரசின் பணத்தில் வாங்கியதா என்று ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள், அதற்குத் தனி விதி.

ஜூன் 30-க்குள் கையில் வந்த பொருள்தான் அந்த ஆண்டுச் செலவு. கடைசி வாரம் திறந்திருக்கும் பி.ஓ.க்களின் பட்டியலை அச்செடுத்து ஒவ்வொரு பள்ளியாகக் கூப்பிடுகிறேன். "நூலக அலமாரி வந்துவிட்டதா? எல்லாத் தட்டும் இருக்கிறதா? கணினியில் பதிந்துவிட்டீர்களா?" சில பள்ளிகளில் அலுவலகம் ஏற்கெனவே மூடியிருக்கும். அங்கே மட்டும் சாவி வாங்கிக்கொண்டு நேரில் போய் எண்ணிவிட்டு வருவேன்.